மகளோடு மலையேறுவோம்



மகனோடு பந்தாடும் தந்தையர் நம்மிடையே பலர் உளர். மகளோடு மலையேறும் தந்தையரோ மிகச் சிலரே. சிறு பிராயத்திலே மகளைத் தோளிற் சுமந்து திரிந்தவர், துவிச்சக்கரவண்டி ஓட்டப் பழக்கியவர், அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதானதும் மெல்ல ஒதுங்கிக் கொள்கின்றார். சாமத்தியச் சடங்கு நிறைவேறுகின்றது. சேலையும் நகையும் வீட்டுக்கு வருகின்றன. முற்றத்து விளையாட்டு விடைபெற்றுச் செல்கின்றது. இதற்கென எவரும் கட்டளை பிறப்பிப்பதில்லை. பழக்கமே இதனைச் செய்துவிடுகின்றது. ஆறாம் வகுப்பிலே ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க முண்டியடித்த பிள்ளை, ஒன்பதாம் வகுப்பிலே மரநிழலில் அமர்ந்து பார்வையாளராகி விடுவதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளிலிருந்து 2016 ஆம் ஆண்டு வரை திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்து, 2019 இல் முடிவுகளை வெளியிட்டனர். 11 முதல் 17 வயது வரையுள்ள சிறுமியருள் நூற்றுக்கு 85 பேரும், சிறுவருள் நூற்றுக்கு 78 பேரும் போதிய உடலியக்கம் இன்றி வாழ்கின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. போதியது என்பது யாது? நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் உடல் நன்கு இயங்குதலே.

இந்த வயதை நாம் ஏன் இத்துணை வற்புறுத்துகின்றோம்? பெண்பிள்ளைகள் மிக விரைவாக உயர்வது ஏறக்குறையப் பன்னிரண்டு வயதிலே. ஆண்பிள்ளைகள் அவ்வாறு உயர்வது அதற்கு இரண்டு ஆண்டுகள் பிந்தியே. அக்காலத்தையும் அதனை அடுத்துவரும் சில ஆண்டுகளையும் ஒட்டியே எலும்புகள் சுண்ணச் சத்தை மிகுதியாகச் சேமிக்கின்றன. ஓடுதல், குதித்தல், ஏறுதல் என்பன அச்சேமிப்புக்குத் துணை செய்கின்றன. முதுமையில் எலும்பு நலிந்து முறியாமற் காப்பதில், இளமையிலே சேர்த்த இம்முதலுக்குப் பெரும் பங்குண்டு. ஓடித் திரிய வேண்டிய காலத்திலேயே அவளை உட்கார வைத்துவிடுகின்றோம் என்பதே இங்கு வருந்தத்தக்கது.

சரி, வளர்ந்த தந்தையும் வளர்கின்ற மகளும் எவ்வாறு போட்டியிடுவது? எப்பொழுதும் வென்று காட்டும் தந்தை, பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுக்கின்றார். வேண்டுமென்றே தோற்கும் தந்தையோ, அவளின் மதிப்பை இழக்கின்றார். பொய்யான வெற்றியைப் பத்து வயதுப் பிள்ளையும் எளிதிலே கண்டுகொள்ளும். இரண்டுக்கும் நடுவே நேர்மையான வழியொன்று உண்டு. கடற்கரை மணலிலே ஓடும்போது, மகளை இருபது அடி முன்னே நிற்கச் செய்யுங்கள். அதனை மறைக்க வேண்டாம். கல் நட்டு அடையாளமிடுங்கள். பின்பு முழு மூச்சுடன் ஓடுங்கள். அவள் வென்றால், அடுத்த முறை கல்லை ஈரடி பின்னே நகர்த்துங்கள். தன் வளர்ச்சியை அவள் தன் கண்ணாலேயே அளந்துகொள்வாள்.

உடல் வலிமை தேவைப்படாத போட்டிகளும் பல. மாரிகாலத்திலே மன்னார் வங்காலைப் பகுதிக்குச் சென்றால், பூநாரைகளும் வேறு பல வலசைப் பறவைகளும் கூடியிருக்கக் காணலாம். யார் அதிக இனங்களை இனங்காண்பது என்று போட்டியிடுங்கள். ஐம்பது வயதைக் கடந்தோரின் செவிக்கு உச்சமான சுருதியுடைய ஒலிகள் மங்கிவிடுவது இயற்கை. ஆதலின், புதரிலிருந்து மெல்லெனக் கூவும் சிறு குருவியை மகளே முதலிற் கேட்பாள். தைப்பொங்கற் காலத்திலே, வாடைக்காற்றில் விண் பூட்டிய பட்டம் ஏற்றுவதிலும் தோள்வலியிலும் பார்க்கக் கைப்பக்குவமே வெல்லும்.

மலைப்பயணத்திலே மற்றொரு போட்டி உண்டு. அது கணக்குப் போட்டி. நெயிஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறுநர் 1892 இல் ஒரு விதி வகுத்தார். சமநிலத்தில் ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம்; அதனோடு ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் கூட்டுக என்பதே அவ்விதி. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியிலிருந்து செல்லும் வழி ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர். ஏற்றமோ ஆயிரம் மீற்றர் அளவு. கணக்கிட்டால் மூன்று மணி நேரம் வரும். ஆனால், படிக்கட்டு, யாத்திரிகர் நெரிசல், இளைப்பாறும் நேரம் ஆகியவற்றுக்கு எவ்வளவு கூட்டுவது? இருவரும் தனித்தனியே எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். உச்சியிலே திறந்து பாருங்கள். நேரத்தைச் சரியாக மதித்தவரே வென்றவர். விரைந்து ஏறவேண்டிய அவசியம் இப்போட்டியில் இல்லை.

போட்டிக்கு எல்லையும் உண்டு. செங்குத்தான படிகளிலே முந்துதல் ஆகாது. கடலிலே யார் அதிக தூரம் செல்வது என்னும் பந்தயம் ஒருபோதும் ஆகாது. மெதுவாக நடப்பவரின் நடையே இருவரின் நடையும் ஆகுக. மழையோ இடியோ கண்டால் திரும்பிவிடத் துணிவதும் வீரத்தின் பாற்பட்டதே. 2016 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் நாள், இலங்கையர் ஒருவர் முதன்முதலாக எவரெஸ்ற் சிகரத்தில் ஏறி நின்றார். அவர் ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணி. உடன் சென்ற ஜொஹான் பீரிஸ், பிராணவாயுக் குறைவினால் உச்சியை அடையாது திரும்ப நேர்ந்தது. அவர் 2018 இல் மீண்டும் சென்று அச்சிகரத்தை அடைந்தார். அன்று திரும்பியமையாலன்றோ மீண்டும் ஏற முடிந்தது!

“பெண்பிள்ளையை மலைக்கும் கடலுக்கும் அழைத்துச் சென்றால் ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்போர் உளர். ஊர் சில நாள் பேசும். பின்பு வேறொன்றைப் பேசும். தன் காலின் வலிமையையும் தன் மதிப்பீட்டின் திறத்தையும் அறிந்த பெண்ணோ, பிறர் வாய்க்கு அஞ்சாது தன் வழியைத் தானே தெரிவாள். அந்த அறிவு வாழ்நாள் முழுவதும் அவளோடு இருக்கும். தாய்மாரும் இப்பயணங்களிற் கலந்துகொள்வாராயின் இன்னும் நன்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல நட்ட கல் பின்னே நகர்ந்து, இருவரும் ஒரே கோட்டில் நிற்கும் நாள் வரும். அதன் பின்பு, தந்தைக்காக மகள் படிக்கட்டிலே நின்று, தண்ணீர்ப் போத்தலை நீட்டிக் காத்திருக்கும் நாளும் வரும். அன்று முழு முயற்சியோடு ஏறித் தோற்கும் தந்தைக்கு, அத்தோல்வியிலும் பெரிய பரிசு வேறில்லை.