குப்பையில் போட்ட சிப்பாய்கள்

நான் செய்த ஒரு தப்பை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு அம்மா, ஓங்கிய கையை இறக்கினால் எனக்கு அது போதும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வெளிநாடுகளில் பெரியவர்களே ஆடும் ஒரு மேஜைப் போர் விளையாட்டை எப்படியோ செல்போனில் பார்த்துவிட்டான். கட்டைவிரல் நுனி அளவுக்குச் சிப்பாய்கள், மலை, மரம், கோட்டை எல்லாவற்றையும் தாங்களே செய்து வர்ணம் தீட்டி மேஜையில் பரப்புகிறார்கள். டேப்பால் அளந்து, இத்தனை அங்குலம் என்று படையை நகர்த்துகிறார்கள். குண்டு பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயம் மாதிரிதான் என்று வையுங்களேன்!

இவனும் குளத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து, இரண்டு மாதமாக உட்கார்ந்து நாற்பது சிப்பாய்கள் செய்தான். அந்தச் சமயம் பார்த்து மாதத் தேர்வில் கணக்கில் 31 மார்க். "பரீட்சை நேரத்துல மண்ணுல விளையாடிட்டு இருக்கான், நீ பாத்துட்டு இருக்கியா?" என்று என் வீட்டுக்காரர் என் மேல் பாய்ந்தார். அந்தக் கோபத்தை நான் யார் மேல் காட்டுவேன்? அத்தனை சிப்பாய்களையும் முறத்தில் வாரி குப்பைக் கூடையில் கொட்டிவிட்டேன். காலையில் குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

அவன் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில், போட்டதைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். பதினைந்து நாள் இப்படியே போனது.

நவராத்திரி வந்தது. பரணிலிருந்து கொலு பொம்மைகளை இறக்கும்போது என் மாமியார் சொன்னார், "நீயும் கல்யாணம் ஆன புதுசுல கொலுவுக்குப் பக்கத்துல பார்க் கட்டினவதானே! மணல்ல கடுகு தூவி புல்லு முளைக்க வச்சு, கண்ணாடியைப் புதைச்சு குளம் பண்ணி... அதையேதான் அவனும் பண்ணினான்."

சுருக்கென்றது எனக்கு. நான் செய்தால் கலை, அவன் செய்தால் குப்பையா?

"கண்ணு, இந்த வருஷம் கொலுவுக்குப் பக்கத்துல நீ ஒரு கோட்டை கட்டித் தர்றியா?" என்று கேட்டேன். "கோட்டை இருந்து என்னம்மா பண்றது? சிப்பாய்தான் இல்லையே" என்றான். "நான் செஞ்சு தர்றேன். எப்படின்னு சொல்லிக் குடு" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினைந்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தான்.

எங்கள் மாவட்டத்துத் திண்டுக்கல் மலைக்கோட்டையையே கட்டுவது என்று முடிவாயிற்று. மலைக்குத் தெர்மோகோல். கேட்டுக்கு அடித்த எனாமல் பெயிண்ட் மீதி இருக்கிறதே என்று நான் சிக்கனம் பார்த்து அதைப் பூச, பாதி மலையை அது அரித்துத் தின்றுவிட்டது! தெர்மோகோலுக்கு அந்தப் பெயிண்ட் ஆகாதாம். ஊறவைத்த செய்தித்தாளை ஃபெவிக்காலில் பிசைந்து மேலே அப்பிக் காயவிட்டு, அதன் மேல் போஸ்டர் கலர் தீட்டினால் ஒன்றும் ஆகாது. முதலில் முழுக்கக் கறுப்பு. பிறகு பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்க்க வேண்டும். மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். அசல் பாறை!

பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜைக் கிள்ளிப் பச்சை தோய்த்தால் மரத்து இலை. வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்து ஒட்டினால் செம்மண் தரை. ஈர்க்குச்சி துப்பாக்கி ஆனது. களிமண் சிப்பாய்களை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். நிழலில்தான் உலர வேண்டும்.

நான் ஆசையாகச் செய்த கோட்டை வாசலைப் பார்த்து அவன் சிரித்தான். "இதுல நம்ம சிப்பாய் தவழ்ந்துதாம்மா போகணும்!" ஒரு அங்குலம் என்றால் ஐந்து அடி என்பது அவன் கணக்கு. ஐந்தரை அடி ஆள் 28 மில்லிமீட்டர் வருவான், பத்தடி வாசலுக்கு இரண்டு அங்குலம் வேண்டும். கணக்கில் 31 வாங்கிய பிள்ளை இதையெல்லாம் மனக்கணக்காகச் சொல்கிறான்!

சரித்திரமும் அவன்தான் சொன்னான். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் எழுந்த கோட்டை அது. பிறகு ஹைதர் அலி, திப்பு கைக்கு வந்தது. 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், நம் ஒட்டன்சத்திரம் பக்கத்து விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் தன் சீமையை மீட்டாராம். 1790-ல் ஆங்கிலேயர் திண்டுக்கல்லைப் பிடித்தார்கள். இத்தனை வருஷமாக அந்த மலையைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறேன், எனக்கு இதில் பாதி தெரியாது.

இந்த விளையாட்டும் நேற்று வந்ததில்லையாம். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையை வைத்து நம் நாட்டில் ஆடிய சதுரங்கம்தான் மூத்தது. இருநூறு வருஷத்துக்கு முன்பு பிரஷ்யா நாட்டு ராணுவ அதிகாரிகள் வரைபடத்தில் கட்டைகளை நகர்த்திப் போர் பழகியிருக்கிறார்கள். பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டிலேயே ஆட, எச்.ஜி. வெல்ஸ் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 1913-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்துச் சிப்பாய்களை ஈயத்தில் வார்த்தார்களாம். ஈயம் விஷமாயிற்றே! நம் களிமண்ணே மேல்.

சரஸ்வதி பூஜை முடிந்த மறுநாள் விளையாட்டு. கோட்டைப் பக்கம் என் மாமியார், ஆங்கிலேயர் பக்கம் என் மகன். அத்தை பகடையைக் கையில் குலுக்கி, பழநி முருகனைக் கும்பிட்டுப் போட்டார். விழுந்ததெல்லாம் ஆறு! "அப்பத்தா, நெஜத்துல இந்தக் கோட்டை தோத்துப் போச்சு" என்று அவன் கெஞ்ச, "அப்ப நான் இல்லடா!" என்றாரே பார்க்கலாம். "ஒரு காசுக்குப் பிரயோஜனம் இல்லாத வேலை" என்று சொன்ன என் வீட்டுக்காரர், டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

கொலு எடுத்துவைத்த பிறகு வீட்டைக் கூட்டும்போது, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு சிப்பாய் கிடைத்தான். அன்றைக்கு முறத்திலிருந்து தப்பித்தவன். ஒரு கை உடைந்திருந்தது. துடைத்து மகனிடம் கொடுத்து, "அம்மா பண்ணினது தப்புடா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கி, புதுக் கையை ஒட்டி, கோட்டை வாசலில் நிறுத்தினான். "இவன்தாம்மா தளபதி" என்றான்.

அடுத்த தேர்வில் கணக்கில் 46. பெரிய மார்க் இல்லைதான். ஆனால் பேப்பரை அவனே கொண்டுவந்து காட்டினான்.

தோழியரே! படிக்கிற நேரத்தில் படிக்கச் சொல்வது நம் கடமை. அதற்காகப் பிள்ளைகள் கையால் செய்ததை உடைக்க வேண்டாம். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள்.

– ஒரு வாசகி, கீரனூர்.