நடுத்தரத் துவார ரைபிளும் அதற்கேற்ற தோட்டாவும்

சங்கரன்கோவில் தாலூகாவின் கரிசல் நிலங்களில் மக்காச்சோளமும் நிலக்கடலையும், மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கங்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை புதியதன்று. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் ஒரு கூட்டம் ஓர் இரவில் புகுந்தால், தின்று அழிப்பதைவிட மிதித்தும் கிளறியும் அழிப்பதே அதிகம். ஆகையால், துப்பாக்கி லைசென்ஸ் பெற்றவர்களும் பெற விரும்புகிறவர்களும், "எந்த ரைபிள் நல்லது, எந்தத் தோட்டா ஏற்றது?" என்று விசாரிப்பது இயல்பே. இக்கேள்விக்கு விடை துவாரத்தின் அளவில் மாத்திரம் இல்லை. எய்த குண்டு எங்கே போய் நிற்கும் என்பதிலும், சட்டம் எதை அனுமதிக்கிறது என்பதிலுமே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா என்பது நான்கு உறுப்புகளால் ஆனது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பதித்த கேப், உள்ளே புகையில்லா மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஊசி கேப்பை அடிக்க, அதன் தீ மருந்தைப் பற்ற வைக்கிறது. அதில் எழும் வாயு குண்டைக் குழலின் வழியே தள்ளுகிறது. ரைபிளின் குழலில் உட்புறம் முறுக்காக வெட்டிய புரிகள் உண்டு. அவை குண்டைச் சுழலச் செய்வதால் அது காற்றில் தலைகீழாகப் புரளாமல் நேரே செல்லும். ரவைத் துப்பாக்கிக்குப் புரி இல்லை. அதன் குழல் வழவழப்பானது.

துவாரத்தைக் குறிக்கும் முறை

ரைபிளின் துவாரம் அங்குலத்தின் பின்னமாகக் கூறப்படும். 0.22 என்பது 5.6 மில்லிமீட்டர், 0.303 என்பது 7.7, 0.315 என்பது 8. "முப்பது-நாட்டாறு" எனப்படும் அமெரிக்கத் தோட்டாவில் முதல் எண் 0.30 அங்குலத் துவாரத்தையும், பின்னெண் அது ஏற்பட்ட 1906-ஆம் ஆண்டையும் குறிக்கும். ரவைத் துப்பாக்கியின் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அதுவே 12 துவாரம், அளவில் 18.5 மில்லிமீட்டர். ஆகவே இங்கே எண் குறையக் குறையத் துவாரம் பெரிதாகும். 20 துவாரம் 12-ஐவிடச் சிறியது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 315 வழங்கி வருவதன் காரணம்

மேல் நாடுகளில் நடுத்தரத் துவாரத்தில் பல வகைத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. இந்தியாவில் தெரிவு மிகக் குறுகியது. ராணுவத்தார் வழங்கிய 0.303 தோட்டாவையும், பின்னர் வந்த 7.62 மில்லிமீட்டர் தோட்டாவையும் சுடக்கூடிய ரைபிள்கள் தடை செய்யப்பட்ட துவாரங்களில் சேர்க்கப்பட்டுள்ளன. ராணுவக் கிடங்கிலிருந்து களவு போகும் தோட்டா வெளியே எந்தத் துப்பாக்கிக்கும் பயன்படலாகாது என்பதே இதன் கருத்து. பிரிட்டிஷ் ஆட்சியிலேயே இந்த யோசனை இருந்தது. அதனால் ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் மான்லிக்கர் ரைபிளுக்கென 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்ட 8 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்து, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. கம்பெனியார் லீ வகை ரைபிள்களில் பொருத்தி இந்தியாவுக்கு அனுப்பினர். அதுவே 315 ஆயிற்று. சுதந்திரத்திற்குப் பின் வங்காளத்து இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதே வகையைச் செய்து வந்தது. தோட்டாக்கள் புனேயை அடுத்த கட்கித் தொழிற்சாலையினின்று வந்தன. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, இவ்விரு தொழிற்சாலைகளும் சர்க்காருக்குச் சொந்தமான வெவ்வேறு கம்பெனிகளின் கீழ் வந்தன.

வேகமும் பலமும்

குண்டின் எடையும் வேகமும் சேர்ந்தே அதன் பலமாகும். பலத்தை அடி-பவுண்டு என்னும் அளவால் குறிப்பர். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை ஓர் அடி-பவுண்டு. குழல் வாயில் உள்ள கணக்கு சுமாராகப் பின்வருமாறு:

0.22 தோட்டா: குண்டு 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 1,100 முதல் 1,200 அடி, பலம் 100 முதல் 130.

0.315 தோட்டா: குண்டு 15.8 கிராம், வேகம் 2,000 அடி, பலம் 2,150.

முப்பது-நாட்டாறு: குண்டு 11.7 கிராம், வேகம் 2,700 அடி, பலம் 2,900.

12 துவாரத்தில் எஸ்.ஜி. ரவை: ஒன்பது ரவைகள் சேர்ந்து 32 கிராம், வேகம் 1,200 அடி, பலம் மொத்தம் 1,550க்கு மேல். ஆனால் தனி ரவை ஒன்றின் பலம் 175 அளவே.

இக்கணக்கிலிருந்து சில விஷயங்கள் விளங்கும். 0.22 காட்டுப்பன்றிக்கு உரியதன்று. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவுக்கு மேலும் நிறுக்கும். அதன் தோள்மேல் தடித்த தோலும் நாரும் கேடயம்போல் படிந்திருக்கும். சிறு குண்டு அதைக் காயப்படுத்தி விரட்டுமேயன்றிக் கொல்லாது. காயம்பட்ட பன்றி விடியற்காலையில் வயலுக்கு வரும் பெண்களையும் சிறுவர்களையும் பாயும். எஸ்.ஜி. ரவையோ 35, 40 கஜத்திற்கு மேல் சிதறிப் பலமிழக்கும். 315-இன் குண்டு கனமானது, வேகம் குறைவு. நூறு கஜம் வரையில் பெருவிலங்குக்குப் போதுமானது. ஆனால் நூறு கஜத்திற்குக் குறி அமைத்த 315, இருநூறு கஜத்தில் ஏறக்குறைய முக்கால் அடிக்குக் குறையாமல் தாழும். ஆகவே அது அண்மைக்கு உரிய தோட்டா. தூரத்துக் குறிக்கு வேகம் மிகுந்த முப்பது-நாட்டாறே நேர்கோட்டிற்கு அணுக்கமாகச் செல்லும்.

குண்டின் வகையும் கவனிக்கத்தக்கது. முனையில் ஈயம் வெளியே தெரியும் மென்முனைக் குண்டு உடலில் பட்டதும் விரிந்து, தன் பலத்தை அங்கேயே செலவிடும். முழுதும் உலோக உறையிட்ட குண்டு ஊடுருவி அப்பாற் செல்லும். அப்பால் யார் இருக்கிறார் என்பது சுட்டவருக்குத் தெரியாது. ஆகையால் வேட்டைக்கு மென்முனையும், குறிப்பலகைக்கு உறையிட்டதும் வழக்கம்.

குண்டு எங்கே நிற்கும்?

இந்தத் தாலூகாவில் இதுவே முதற்கேள்வி. 0.22-இன் சிறு குண்டும் மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரை மைல் போகக்கூடும். நடுத்தர ரைபிளின் குண்டு இரண்டு மைலுக்கு மேல் போகும். பெரு ரவை அரை மைலுக்குள் விழுந்துவிடும். மலையடிவாரத்தில் குன்றும் மேடும் குண்டைத் தடுக்கலாம். கரிசற் சமவெளியிலோ தடுக்க எதுவும் இல்லை. மக்காச்சோளத் தட்டை குண்டைத் தடுக்காது. அப்பால் உள்ளதை மறைக்கும் அவ்வளவே. கண்மாய்க்கரை நல்ல தடுப்பு என்று சிலர் எண்ணுவர். ஆனால் அக்கரைமேலேயே ஊர்ப்பாதை செல்வது பல கிராமங்களில் உண்டு. காய்ந்த கரிசலிலும் பாறையிலும் சாய்வாகப் பட்ட குண்டு துள்ளி வேறு திசையில் போகும். பரண்மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது மாத்திரமே நிலம் தானே தடுப்பாகும்.

சட்டமும் இதையே கருதி அமைந்துள்ளது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்கென லைசென்ஸ் கேட்பவருக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை முதலிற் கூறுகிறது. அது போதாதென்று அதிகாரி திருப்தியடைந்தால், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய வேறு வழவழத் துப்பாக்கியை அனுமதிக்கலாம் என்கிறது. புரியுள்ள ரைபிளை அவ்விடத்தில் கூறவில்லை.

லைசென்ஸ் வேறு, வேட்டை அனுமதி வேறு

துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருப்பதால் காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை உண்டாவதில்லை. பொழுதுபோக்கு வேட்டைக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இடமில்லை. பயிருக்குக் கேடு செய்யும் விலங்கையும் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவின்றிக் கொல்லலாகாது. மீறினால் சிறையும் அபராதமும் உண்டு. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவளிக்க, லைசென்ஸ் உடைய சுடுவோர் பன்றியைச் சுடும் ஏற்பாடு உண்டு. அது இம்மாநிலத்திற்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடித்துக் காட்டில் விடுவர். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்களே சுடுவர். குடியானவர் செய்யத்தக்கது முறையீடு கொடுத்தலே.

குறிபார்த்துச் சுடுதல்

ரைபிளில் விருப்பமுள்ளவர்க்கு இன்று திறந்துள்ள வழி குறிப்பலகையே. இங்கே பெருந்துவாரத்தால் பயனில்லை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் படுவதே சிறப்பு. உலகப் போட்டிகளில் 10 மீட்டருக்கு 4.5 மில்லிமீட்டர் காற்று ரைபிளும், 50 மீட்டருக்கு 0.22 தோட்டாவும் வழங்குகின்றன. 300 மீட்டர்ப் போட்டியில் 8 மில்லிமீட்டர் வரை இடமுண்டு. காற்று ரைபிள் பலகையில் பத்துப் புள்ளிக்குரிய வட்டம் அரை மில்லிமீட்டர். 50 மீட்டர்ப் பலகையில் 10.4 மில்லிமீட்டர், 300 மீட்டரில் 100 மில்லிமீட்டர். 2008-இல் அபினவ் பிந்திரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றது காற்று ரைபிளால். 2024-இல் ஸ்வப்னில் குசாலே பாரிஸில் வெண்கலம் வென்றது 0.22-ஆல். 0.177 அங்குலத்திற்கும் 20 ஜூல் பலத்திற்கும் மேற்படாத காற்று ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டுவதில்லை. புதிதாகப் பழகுவோர் அதிலேயே தொடங்குவது செலவுக்கும் க்ஷேமத்திற்கும் நன்று. 315-இன் உதைப்பு பழகாதவரைக் கண்மூடச் செய்து குறியைக் கெடுக்கும்.

தோட்டாக்களைப் பேணுதல்

1. குழலில் பொறித்த எண்ணும் தோட்டாவின் அடியில் பொறித்த எண்ணும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 8 மில்லிமீட்டர் என்ற பெயர் ஒன்றாயினும், ஜெர்மானிய மௌஸர் தோட்டா 315-க்கு உதவாது.

2. 20 துவாரத் தோட்டா 12 துவாரக் குழலில் வழுக்கி உள்ளே தங்கும். அதன் பின் 12 தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டையும் ஒரே பையில் வைக்கலாகாது.

3. விசை இழுத்தும் வெடிக்காவிடில், குழலை அபாயமில்லாத திசையில் நோக்கி அரை நிமிஷம் பொறுத்துப் பின் திறக்க வேண்டும். ஒலி மெலிதாயிருந்தால் குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். பார்க்காமல் மறுபடி சுடக் கூடாது.

4. தோட்டாக்களைக் கோடை வெயிலில் வண்டியில் விட்டுவைப்பதும், ஐப்பசி மழையில் ஈரச்சுவரோரம் வைப்பதும் கெடுதல். பூட்டிய பெட்டியில், துப்பாக்கியினின்று தனியே, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

லைசென்ஸ் மனுவின்மேல் அறிக்கை அனுப்புகையில், மனுதாரரின் நிலம் எங்கே உள்ளது, சுற்றிலும் குடியிருப்பும் பாதையும் எவ்வளவு தூரம் என்பனவற்றைத் தெளிவாகக் குறித்தால் தீர்ப்பது எளிதாகும். மனுதாரருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், போட்டி வீரர் முதலிய சிலர் நீங்கலாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. பன்றியால் நேர்ந்த சேதத்தை, பயிர், பரப்பு, தேதி, காட்டெல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றுடன் உடனே பதிவு செய்தல் அவசியம். அத்தூரமே பிடிப்பதா சுடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அவுட்டுக்காய் வைப்பதையும், வேலிக்கம்பியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதையும் கண்டால் உடனே தடுக்க வேண்டும். இவற்றால் மடிவது பன்றி மாத்திரமன்று. மாடும் மனிதரும் யானையும் மடிகின்றன. விட்டுவிட்டுத் துடிக்கும் சூரியசக்தி வேலி வேறு வகை. அதற்கும் 2023-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு உண்டு. கண்மாய்களில் மண்டிய சீமைக்கருவேலை அகற்றுவது பகலில் பன்றி ஒதுங்கும் மறைவை இல்லாமற் செய்யும். மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு ஓரப்பயிர் இடுவதும் பயனுடையது.

சுருங்கக் கூறின், குறிப்பலகைக்குச் சிறு துவாரம் போதும். நடுத்தரத் துவாரத்தில் இந்நாட்டவர்க்கு வாய்த்தது பெரும்பாலும் 315. அது பலமுள்ள தோட்டா. அதனாலேயே சமவெளி வயலுக்கு ஏற்றதன்று. அங்கே பயிரைக் காப்பது வேலியும், ஊரார் கூடிய காவலும், காலதாமதமின்றிக் கொடுத்த முறையீடுமே.