கதைக்குள் வந்த கலைச்சொல்

பரீட்சை நெருங்கியதும் கலைச்சொற்களையும் அவற்றின் விளக்கங்களையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நடந்தபடி உருப்போடுகிற வழக்கம், நிகண்டையே மனனம் செய்வித்த திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நம்மிடையே பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் நிகண்டு செய்யுளாக இருந்தது. எதுகையும் மோனையும் அடுத்த சொல்லைக் கைபிடித்து அழைத்து வந்தன. விஞ்ஞானப் பாடநூலில் கட்டத்துக்குள் தனித்தனியே நிற்கும் சொற்களுக்கு அந்த ஆதரவு கிடையாது.

அக்குறையைக் கதை ஓரளவு தீர்க்கும். 1969-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து பவர், கிளார்க் என்னும் ஆராய்ச்சியாளர்கள், பத்துச் சொற்கள் கொண்ட பன்னிரண்டு பட்டியல்களை மாணவர்களிடம் கொடுத்து, ஒரு சாராரை மட்டும் ஒவ்வொரு பட்டியலையும் கோத்துக் கதை கட்டச் சொன்னார்கள். முடிவில் கதை கட்டியவர்கள் ஏறக்குறைய 93 விழுக்காட்டுச் சொற்களையும், வழக்கம்போல் படித்தவர்கள் 13 விழுக்காட்டையுமே ஒப்பித்தார்கள். மலைக்கவைக்கும் வித்தியாசந்தான், எனினும் அவை ஒன்றோடொன்று சம்பந்தமற்ற சாதாரணச் சொற்கள். சொல் நினைவில் நிற்பது வேறு, பொருள் விளங்குவது வேறு.

பொருளும் விளங்கவேண்டுமானால் பாடத்தையே கதையாக்கும் ஓர் ஆட்டம் உதவும். உதாரணமாக, மலாக்கா மாநிலத்து டுரியான் துங்கால் பிள்ளைகள் நீர்ச் சுழற்சியைக் கதையாக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. அவ்வூர் அணையின் நீர்த்தேக்கம் மாநிலத்துக்குக் குடிநீர் தருவது. 1991-இல் அது வற்றிப்போக, மலாக்கா மக்கள் தண்ணீருக்குத் தவித்தார்கள். நீராவி, மேகம், ஆவியாதல், வறட்சி, நீர்ப்பிடிப்புப் பகுதி என்று சீட்டுகளில் எழுதிக் கவிழ்த்துவைத்து, ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து, எடுத்த சீட்டின் சொல்லைக் கொண்டு, முன்னவர் விட்ட இடத்திலிருந்து ஆளுக்கொரு வாக்கியமாகக் கதையை நகர்த்துவதே ஆட்டம்.

சொல்லை வெறுமனே உச்சரித்தால் போதாது. அதனால் கதையில் ஏதேனும் நிகழவேண்டும். "ஆவியாதல் என்று ஒரு ராஜா இருந்தான்" என்று தொடங்குகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், மார்க் கிடைக்காது. "வெயில்ல ஏரித் தண்ணி காணாமப் போச்சு" என்று ஒருவன் சொன்னால், "காணாமப் போகலடா, ஆவியாகி மேல போயிருக்கு" என்று பக்கத்திலிருப்பவள் மறிக்கலாம். மறித்தவளே காரணமும் சொல்லவேண்டும். "கொதிக்காத தண்ணி எப்படி ஆவியாகும்?" என்று மூன்றாவது பிள்ளை கிளப்புகிற சந்தேகத்துக்கு, ஈரத் துணி வெயிலில் காய்வதைக் காட்டி, கொதிநிலைக்குக் கீழேயும் நீரின் மேற்பரப்பிலிருந்து ஆவி எழும் என்று அவள் விளக்க நேரிடும். என் அபிப்பிராயத்தில், கதையைவிட இந்த மறிப்பிலேதான் படிப்பு நடக்கிறது. பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தார்கள் என்பதோடு திருப்தியடைந்துவிடும் வகுப்பில் பாதிப் பிரயோஜனம் வீணாகிவிடும்.

சூத்திரங்களுக்கும் வாய்பாட்டுக்கும் இது ஒவ்வாது. காரிய காரணத் தொடர்புள்ள பாடங்களுக்கே பொருந்தும். சில நாள் கழித்துச் சீட்டில்லாமல் அதே கதையைச் சொல்லச் சொன்னால், எந்தச் சொல் உதிர்ந்தது என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் அடுத்த ஆட்டத்தில் இரண்டு சீட்டுகளில் எழுதிவைக்கலாம்.