பார்த்துட்டுப் போடாதீங்க... போட்டுப் பாருங்க!

உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். ரெஜிஸ்ட்ரேஷன் பேஜ் உங்க பொறுப்பு. நெட் ஸ்லோன்னு ஒரு ஆசாமி 'சப்மிட்' பட்டனை ரெண்டு தட்டு தட்டுறார். மறுநாள் பார்த்தா ஒரே ரோல் நம்பர்ல ரெண்டு என்ட்ரி, ரெண்டு சாப்பாட்டு டோக்கன்! 'ஏற்கெனவே இருக்கான்னு செக் பண்ணிட்டுத்தானே இன்சர்ட் பண்ணினேன்?'னு தலையைப் பிய்ச்சுக்கறீங்களா? தப்பே அந்த 'செக் பண்ணிட்டு'லதான் இருக்கு பாஸ்!

டவுன் பஸ் ஜன்னல்ல எட்டிப் பார்க்கறீங்க. சீட் காலி. படியேறி உள்ளே போறதுக்குள்ள வேற ஒருத்தர் உட்கார்ந்தாச்சு. இங்கேயும் அதே கதைதான். முதல் கிளிக் 'இந்த ரோல் நம்பர் இல்லை' என்று பார்க்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் ரெண்டாவது கிளிக்கும் 'இல்லை' என்று பார்த்துவிடுகிறது. ரெண்டுமே எழுதிவிடுகின்றன. நீங்க தனியா உட்கார்ந்து டெஸ்ட் பண்ணும்போது இது தெரியவே தெரியாது.

இதுக்கு மருந்துதான் 'அப்சர்ட்'. அப்டேட், இன்சர்ட் ரெண்டையும் சேர்த்து வெச்ச செல்லப்பெயர். 'இருந்தா திருத்து, இல்லைன்னா சேர்'னு ஒரே கட்டளை. முடிவெடுக்கிறது உங்க கோட் இல்லை, டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல்லில் இதற்குப் பெயர் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்'. போஸ்ட்கிரெஸ்ஸில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்'. இது வந்ததே 2016 ஜனவரியில், 9.5 வெர்ஷனில்தான். எஸ்க்யூலைட்டுக்கு 2018-ல் வந்தது.

டேட்டாபேஸ்ல வந்தா போதுமா? நாம யூஸ் பண்ற லைப்ரரியிலும் வரணுமே! ரெயில்ஸ் 2019-ல், 6-வது வெர்ஷனில் 'அப்சர்ட் ஆல்' கொண்டுவந்தது. ஜாங்கோ 2022-ல், 4.1 வெர்ஷனில் தன் 'பல்க் கிரியேட்'டுக்குள் இதைச் சேர்த்தது. லைப்ரரி எழுதறவங்களுக்கு இது லேசுப்பட்ட வேலை இல்லை. போஸ்ட்கிரெஸ்ல எது மோதினா அப்டேட் பண்ணணும்னு நாம குறிப்பிட்டுச் சொல்லலாம். மைஎஸ்க்யூஎல்ல எந்த யுனிக் கீ மோதினாலும் அப்டேட்தான். ஆளுக்கொரு பாஷை!

ப்ராஜெக்ட்ல யூஸ் பண்ணப் போறீங்களா? மூணு விஷயத்துல உஷாரா இருங்க.

ஒன்று: ரோல் நம்பருக்கு 'யுனிக்' கட்டுப்பாடு போட்டே ஆகணும். அது இல்லாட்டி போஸ்ட்கிரெஸ் எரர் அடிக்கும். மைஎஸ்க்யூஎல் சத்தமே இல்லாம ரெண்டாவது என்ட்ரியைச் சேர்த்துடும்.

ரெண்டு: 'ரீப்ளேஸ்' கட்டளையை அப்சர்ட்னு நம்பிடாதீங்க. அது பழைய வரிசையை அழிச்சுட்டுப் புதுசு போடும். நீங்க தராத விவரங்கள் எல்லாம் போயே போச்! அந்த வரிசையோட 'டெலீட் கேஸ்கேட்'னு இணைச்சு வெச்ச மற்ற டேபிள் தகவலும் கூடவே காலி.

மூணு: ரெயில்ஸோட 'அப்சர்ட் ஆல்' வேலிடேஷனையும் கால்பேக்கையும் கண்டுக்காது. கன்ஃபர்மேஷன் மெயில் கால்பேக்ல இருந்தா, மெயில் போகவே போகாது.

எல்லாம் முடிச்சதும் ஃப்ரெண்ட்ஸைக் கூப்பிட்டு 'சும்மா அழுத்துங்கடா'ன்னு விட்டுடாதீங்க. ஒரே ரோல் நம்பருக்கு ஒரே நேரத்துல ஐம்பது ரெக்வெஸ்ட் அனுப்பற மாதிரி குட்டியா ஒரு புரோகிராம் எழுதி ஓட விடுங்க. கடைசியில டேபிள்ல ஒரே ஒரு வரிசை இருந்தா பாஸ்.

நாளைக்கு வைவாவுல எக்ஸ்டர்னல், 'ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தினா என்ன ஆகும்?'னு கேட்டா, பதில் சொல்ல வாயைத் திறக்கவே வேண்டாம். ஓட்டிக் காட்டுங்க!