தினம் நாலு சதுரம்

மத்தியானம் இரண்டரை மணிக்குக் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால், என் வீட்டுக்கு நீங்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். எந்த வீட்டிலிருந்து 'கடகட'வென்று தையல் மிஷின் சத்தம் வருகிறதோ, அதுதான். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தால் மட்டும் கேட்காது!

அந்த நேரத்தில் வீட்டுக்காரர் இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருப்பார். பெண் காலேஜில், பையன் பள்ளிக்கூடத்தில். மாமியார் சாப்பிட்டுவிட்டு ஒரு கோழித் தூக்கம். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் பிடிப்பதில் ஆரம்பித்து, சமையல், மூன்று டிபன் பாக்ஸ், துணி, பாத்திரம், ரேஷன் கடை என்று ஓடி முடித்து, நாலு மணிக்குப் பையன் "அம்மா, பசிக்குது" என்று வந்து நிற்பதற்குள் எனக்கென்று கிடைப்பது முக்கால் மணி நேரம். அதில் இருபது நிமிஷம் தையல். தினம் நாலு சதுரம், அவ்வளவுதான்.

என்ன சதுரம் என்கிறீர்களா? பழைய புடவை, லுங்கி, சட்டைத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்துப் போர்வை செய்கிறேன். இங்கிலீஷில் 'க்வில்ட்' என்கிறார்கள். எங்கள் வீட்டில் 'ஒட்டுப் போர்வை'. முதல் முதலாக இதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா, எம்.சி. ரோட்டுல முந்நூறு ரூபாய்க்குப் புதுப் போர்வை கிடைக்குது, நீ போய்க் கந்தலைத் தெச்சிகினு கீறியே?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா தவணை கட்டி வாங்கிய உஷா மிஷின்தான் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பெரிய சாமான், டி.வி. எல்லாம் அப்புறம்தான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னைத் தையல் கிளாஸில் சேர்த்து, லோயர் பரீட்சை எழுத வைத்தார். கல்யாணமாகிப் புறப்படும்போது அந்த மிஷினையே கொடுத்து அனுப்பினார். "காசு வேணும்னா யார்கிட்டயும் கை நீட்டாத, இதைக் கேளு" என்றார்.

கேட்டேன். பெண் பிறந்த பிறகு பீஸ் ரேட்டுக்குத் தைக்க ஆரம்பித்தேன். வெட்டிய நைட்டித் துணிகளை மூட்டையாகக் கொண்டு வந்து போடுவார் ஒரு காண்டிராக்டர். ஒரு நைட்டிக்கு ஆறு ரூபாய். நூல், ஊசி, விளக்கு, என் முதுகு எல்லாம் என் செலவு. குழந்தை அழுதாலும் 'இந்த ஒரு கழுத்தை முடிச்சிட்டு வரேன்' என்று மிதித்துக்கொண்டே இருப்பேன். ஏழு வருஷம் இப்படி. கடைசியில் இரண்டு மாதக் கூலியைப் பாக்கி வைத்துவிட்டு அந்த மனிதர் கண்ணிலேயே படாமல் போய்விட்டார். அன்றைக்கு மிஷினை மூடி, அதன்மேல் இஸ்திரித் துணிகளை அடுக்கினேன். மூன்று வருஷம் அது வெறும் மேஜை.

2017-ல் அம்மா தவறிப்போனார். நானும் தங்கையும் புடவைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். நல்லவை எல்லாம் போக, நைந்துபோன எட்டு நூல் புடவைகள் மிஞ்சின. கட்டவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு மூட்டை இருக்கும்தானே? அந்த மூட்டையைப் பிரித்தபோதுதான் மிஷினைத் திறந்தேன்.

முதல் போர்வை தோல்வி. அம்மாவின் வாயில் புடவையோடு வீட்டுக்காரரின் பழைய காக்கி யூனிபார்மையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் சலவையிலேயே கனத்த காக்கி, மெல்லிய வாயிலை இழுத்துத் தையல் ஓரமாகக் கிழித்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பெட்டியிலிருந்து தம்முடைய சின்னாளப்பட்டிப் புடவை ஒன்றைக் கொண்டு வந்து மடியில் போட்டார். "இதையும் சேத்துக்க. ஆனா காக்கியை எடுத்துடு" என்றார். அதுவரை 'கந்தல் வேலை' என்று முணுமுணுத்தவர் அவர்தான்!

அப்புறம் இதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் ஆரம்பித்தேன். நான் இருக்கும் இடமே துணியால் உண்டான இடம் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய 'காலெட் பேட்டை'தான் நாம் சொல்லும் காலடிப்பேட்டை. இரண்டு கல் தெற்கே போனால், கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் இருந்த வண்ணாரப்பேட்டை. மெட்ராஸ் என்ற பெயரே வெளிநாட்டில் ஒரு கட்டம் போட்ட துணிக்குப் பெயராகிவிட்டது. நம் லுங்கிக் கட்டம்தான்! 1958-ல் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தத் துணியை வாங்கிச் சட்டை தைத்து விற்றதாம். துவைத்தால் சாயம் போகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வாங்கினவர்கள் சண்டைக்கு வர, 'சாயம் போவதுதான் இந்தத் துணியின் விசேஷம்' என்றே விளம்பரம் செய்து சமாளித்தார்களாம். அதே துணியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்டுக் கோட்டும் கால்சட்டையும் தைத்துப் போட்டுக்கொள்வது அங்கே நாகரிகமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். "அவங்க போட்டா ஃபேஷன், நம்ம போட்டா கந்தலா?" என்று அவரே கேட்டார்.

வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி 'காந்தா' தைக்கிறார்கள். தைக்கிற நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வது அவர்கள் பழைய வழக்கம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலைத் துணிகளிலிருந்து தைத்த போர்வைகள் 2002 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கின. 2006-ல் அவற்றுக்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். அந்த ஊரில் மிசூரி பெட்வே என்ற அம்மாள், 1942-ல் கணவர் இறந்ததும் அவருடைய வேலைத் துணிகளை வெட்டிப் போர்வையாகத் தைத்தாராம், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. அதைப் படித்த அன்றைக்கு நான் மிஷினைத் தொடவில்லை.

சரி, செய்கிற விதத்துக்கு வருகிறேன். ஒருவர் போர்த்தும் அளவு ஐந்தடிக்கு ஏழரை அடி. ஆறரை அங்குலச் சதுரம் 150 வேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போய், தைத்த பின் ஆறு அங்குலமாக நிற்கும். அகலத்தில் பத்து, நீளத்தில் பதினைந்து. பழைய காலண்டர் அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே சாக்கட்டியால் கோடு போடுங்கள். இஞ்ச் டேப்பை வைத்து ஒவ்வொன்றாக அளந்தால் நூறாவது சதுரம் முதல் சதுரத்தோடு சேராது. இது என் அனுபவம்! தினம் நாலு என்றால் 38 நாளில் சதுரங்கள் ஆகிவிடும். வரிசைகளை இணைத்து, அடித்துணி வைத்து, ஓரம் அடிக்க இன்னும் பத்து நாள். ஆக, ஒரு மண்டலம்.

பஞ்சு வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கைக்கு அது ஆகாது. மழைக்காலத்தில் காயவும் காயாது. நடுவில் ஒரு பழைய நூல் புடவை போதும். அடியில் இன்னொரு முழுப் புடவையை இரண்டாக வெட்டி இணைத்துக்கொள்ளலாம். மூன்றையும் பரப்பி, முதலில் நீளநீளமாகக் கைத்தையலால் டாக்கா போட்டுவிட்டுப் பிறகு மிஷினில் வையுங்கள். சோம்பல்பட்டு நேராக மிஷினில் வைத்தால் அடித்துணி சுருங்கிக்கொள்ளும்.

நூல் துணியோடு நூல் துணியே சேரட்டும். நைலக்ஸ், பாலியெஸ்டர் கலக்க வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் துவைத்து விடுங்கள். சாயம் போகுமா என்று பார்க்க, ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் இறங்கினால் அந்தத் துண்டு போர்வைக்கு வேண்டாம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தப் போர்வையைக் குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தாதீர்கள். முகத்தருகே தளர்ந்த துணி எதுவும் இருக்கக் கூடாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறவிட்டு விளையாட விடலாம். ஊசிகளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள். நான் ஆறு ஊசிதான் வைத்திருக்கிறேன். ஐந்து இருந்தால் ஆறாவது கிடைக்கும்வரை அடுப்பு மூட்ட மாட்டேன். எனக்கு வெள்ளெழுத்து வந்தாயிற்று; ஊசிக்கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, நூல் நுனியைச் சாய்வாக வெட்டிக் கோத்தால் சுலபம். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே உட்காராக உட்காராதீர்கள். நைட்டி தைத்த ஏழு வருஷத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் என் இடுப்பு இன்றைக்கு நன்றாக இருந்திருக்கும்.

காந்தியடிகள் இயந்திரங்களைக் கண்டித்தவர். ஆனால் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924-ல் 'யங் இந்தியா'வில் அது வந்திருக்கிறது. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தியடிகளின் நம்பிக்கை. உண்மையில் 1851-ல் காப்புரிமை வாங்கிய அந்தச் சிங்கர், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்துக்கொண்டிருந்த ஆசாமி! போகட்டும், மிஷின் நல்ல மிஷின்.

2022-ல் ஒரு சோதனை வந்தது. உறவுக் கல்யாணத்துக்கு நான் பரிசாகக் கொடுத்த போர்வையைப் பார்த்துவிட்டு, அண்ணாநகரிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். ஒன்று மூவாயிரம் ரூபாய், மாதம் நாலு வேண்டும் என்றார். பன்னிரண்டாயிரம்! பெண்ணுக்கு அடுத்த வருஷம் காலேஜ். வீட்டுக்காரர் அன்று ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டார். நானும் போட்டேன். மாதம் நாலு என்றால் தினம் இருபது சதுரம். இணைப்பது, ஓரம் அடிப்பது தனி. மறுபடியும் 'இதை முடிச்சிட்டு வரேன்' என்று சொல்ல ஆரம்பிப்பேன். பழையபடி மிஷின்மேல் வெறுப்பு வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலேஜ் பணம் கட்ட என் வளையல் இரண்டு அடகுக்குப் போயிற்று. செய்தது சரியா என்று இன்றைக்கும் சில ராத்திரிகளில் யோசித்துக்கொண்டு படுத்திருப்பேன். கஷ்டத்தில் இருக்கும் சகோதரி யாராவது தைத்து விற்றால் அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு வாயில்லை. மிஷின் வாங்க வழியில்லாதவர்கள், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு இலவசத் தையல் மிஷின் தரும் திட்டத்தைப் பற்றி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அம்மாவின் புடவைகளில் முழுசாகத் தேறிய ஒரு போர்வையை 2019-ல் எர்ணாவூரில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. சுவர், பீரோ, படகு, வலை, நாய்க்குட்டி எல்லாம் கறுப்பு. தங்கை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்கு ஓடிவிட்டாள். போர்வை கட்டிலில் கிடந்திருக்கிறது. கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த பாதி எண்ணெயில் ஊறிவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள். "தூக்கிப் போட எனக்கு மனசு வரலக்கா. நீயே போட்டுடு" என்றாள்.

சோப்பு, பூந்திக்கொட்டை, வெந்நீர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கறை அசையவில்லை. கைதான் அரித்தது. எண்ணெய் பட்ட பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மேல் பாதியைத் தையல் தையலாகப் பிரித்தேன். 61 சதுரம் தேறியது. நல்ல வெயிலில் பத்து நாள் உலர்த்தினேன். பாக்கி 89 சதுரத்துக்கு என்ன செய்வது? தங்கையின் மகளுடைய பள்ளிச் சீருடை, தங்கை வீட்டுக்காரரின் லுங்கி, என் புடவை ஒன்று, என்று அவரவரிடம் கேட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டு அக்கா, நான் கேட்காமலே தம் வீட்டுக்காரர் விட்டுப்போன வேட்டி ஒன்றை மடித்துக் கொண்டு வந்து கொடுத்தார். "நாலு துண்டு போதும்மா, மீதியைத் திருப்பிக் குடுத்துடு" என்றார்.

அந்தப் போர்வையை முடிக்க ஒரு மண்டலம் போதவில்லை, மூன்று மாதமாயிற்று. தங்கை இப்போது அதைப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். மழை நாளில் எடுத்தால் லேசாக எண்ணெய் வாசனை இன்னும் வருகிறதாம்.

மிஷினில் இப்போது இருப்பது என் பெண்ணுக்கு. ஒன்பதாவது வரிசை. பெல்ட் தளர்ந்துபோய் மிதிக்க மிதிக்க நழுவுகிறது. நாளைக்கு ரேஷன் கடை வேலை முடிந்தால் போய் ஒரு பெல்ட் வாங்கி வரவேண்டும்.