ஜியான் வாங்கி ஞானம் பெற்ற படலம்

முதல்லயே சொல்லிடறேன். வன்பொருள் தெரிஞ்ச மக்களுக்கு இது பழைய சோறு. ஆனா என்னை மாதிரி பாதி தெரிஞ்சவன் சர்வர் பொட்டி வாங்கினா என்ன ஆகும்னு யாரும் எனக்குச் சொல்லலை. அதனால இந்தப் பதிவு.

என்கிட்ட இருக்கிற மடிக்கணினி 2011-இல் வந்த திங்க்பேட் டி420. ஊருக்குத் திரும்பின ஒரு சீனியர் விட்டுட்டுப் போனது. உள்ளே இன்டெல் கோர் ஐ5-2520எம். ரெண்டு கோர், 2.5 ஜிகாஹெர்ட்ஸ், 35 வாட். லினக்ஸ் போட்டு ஓட்டிட்டு இருக்கேன். ஆய்வுக்கு ஒரு சிமுலேஷன் எழுதியிருந்தேன். ஒரு தடவை ஓட 52 நிமிஷம். மேற்பார்வையாளர் பார்த்துட்டு, "நல்லா இருக்கு, இதையே 400 வேற வேற அளவுகளுக்கு ஓட்டிட்டு வா"ன்னார். அடுத்த சந்திப்புக்குப் பத்து நாள் இருந்தது.

அப்பத்தான் கம்ட்ரீயில் அந்த விளம்பரம். ரெண்டு ஜியான் இ5-2670 போட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன், 64 ஜிபி மெமரி, விலை 150 டாலர். 2012-இல் வந்தப்போ இந்தச் சில்லு ஒண்ணோட பட்டியல் விலை மட்டும் 1,552 அமெரிக்க டாலர்! விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளைச் சேர்த்துக்கறதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. அதனால இந்த மாதிரிப் பொட்டிகளை எல்லாம் ஜனங்க தள்ளிவிட ஆரம்பிச்சுட்டாங்க. கிளேட்டன் ஸ்டேஷன்லேர்ந்து வீடு வரைக்கும் டிராலியில வெச்சுத் தள்ளிட்டு வந்தேன். முப்பது கிலோ இருக்கும். வழியில ஒரு பாட்டி பாவம் பார்த்து உதவிக்கு வந்தாங்கன்னா பாருங்க.

ராத்திரியே ஓட்டிப் பார்த்தேன். 49 நிமிஷம்.

திரும்பப் படிங்க. மடிக்கணினியில 52, சர்வர்ல 49. மூணு நிமிஷம் மிச்சம் பிடிக்க முப்பது கிலோ!

தூக்கம் போச்சு. உட்கார்ந்து படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. ரெண்டுமே சாண்டி பிரிட்ஜ் குடும்பம், ரெண்டுமே 32 நானோமீட்டர். உள்ளே இருக்கிற கோர் கிட்டத்தட்ட ஒரே கோர்தான். ஒரே ஒரு வேலை ஓடும்போது ஐ5 3.2 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் எகிறும், ஜியான் 3.3 வரைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஜியான்னு பேர் வெச்சா ஒத்தை ஆள் ரெண்டு ஆள் பலம் பெறுவதில்லை. சர்வர் சில்லுங்கறது அதே ஆளை எட்டுப் பேரா நிக்க வெச்சு, நடுவுல பெரிய சாப்பாட்டு மேஜை போட்டது. மேஜைன்னு சொன்னது கேஷ் நினைவகத்தை. ஐ5-க்கு 3 எம்பி, ஜியானுக்கு 20 எம்பி. மெமரிக்குப் போற வழியும் அங்கே ரெண்டு, இங்கே நாலு. நொடிக்கு 21.3 ஜிபி எங்கே, 51.2 ஜிபி எங்கே. ஆனா என் சிமுலேஷன் ஒரே கோர்ல ஓடற மாதிரி எழுதினது. பந்தியில பத்துப் பேர் பரிமாற நின்னாலும் சாப்பிடறது நான் ஒருத்தன்.

இது புதுக் கதையும் இல்லை. 2008 செப்டம்பர்ல ஆறு கோர் ஜியான் 7400 வரிசை வந்தது, டன்னிங்டன்னு செல்லப் பேர். வடிவமைச்சது இன்டெல்லோட பெங்களூர் குழு. அதுக்கு முன்னாடி அதே ஊர்ல ஒயிட்ஃபீல்டுன்னு, ஆமா அந்த ஒயிட்ஃபீல்டு பேர்லயே, ஒரு ஜியான் திட்டம் நடந்து 2005-இல் கைவிடப்பட்டது. விட்டதைப் பிடிச்ச மாதிரி இது வந்தது. 190 கோடி டிரான்சிஸ்டர். உள்ளே பார்த்தா, அந்த வருஷத்து கோர் 2 டியோ மடிக்கணினிகள்ல இருந்த அதே பென்ரின் கோர்கள் மூணு ஜோடி, கூட 16 எம்பி வரை பொதுக் கேஷ். அப்பவும் இதே சூத்திரம்தான். நம்ம பக்கத்து ஊர் ஆளுங்க செஞ்சதுன்னு தெரிஞ்சதும் ஒரு அற்ப சந்தோஷம், ஹி ஹி.

சரி, மேட்டருக்கு வரேன். 400 ஓட்டமும் ஒண்ணையொண்ணு சார்ந்தது இல்லை. அப்ப ஏன் வரிசையில நிக்கணும்? ஒரே நேரத்துல 16 ஓட்டத்தைத் தட்டிவிட்டேன். எல்லா கோரும் வேலை செஞ்சா ஜியான் வேகம் 3.0-க்கு இறங்குது, ஒரு ஓட்டத்துக்கு 55 நிமிஷம் ஆச்சு. ஆனா 25 பந்தியில வேலை முடிஞ்சுது. மொத்தம் 23 மணி நேரம். மடிக்கணினியில ரெண்டு ரெண்டா ஓட்டினா சூடாகி 60 நிமிஷம் எடுக்குது. கணக்குப் போட்டா 200 மணி நேரம், எட்டு நாளுக்கு மேல. நான் சந்திப்புக்கு ஒரு வாரம் முன்னாடியே வரைபடம் எல்லாம் போட்டு வெச்சுட்டு ஜம்முனு உட்கார்ந்திருந்தேன்.

இங்கயே நிறுத்தியிருந்தா சந்தோஷமான பதிவு.

வெற்றி மயக்கத்துல பொட்டியை அணைக்கவே இல்லை. எங்கேர்ந்து வேணாலும் லாகின் பண்ணலாமேன்னு ஒரு பந்தா. மூணு மாசம் கழிச்சு கரண்ட் பில் வந்தது. வீட்டுல நாலு பேர். மூத்தவர் மதுரைக்காரர், எல்லாருக்கும் அண்ணன். பில்லை மேஜையில வெச்சார். "தம்பி, உன் ரூம்ல என்ன, அரிசி மில்லா ஓடுது?"

வாயே திறக்கலை. மறுநாள் பிளக்ல மாட்டற மின் அளவி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். பொட்டி சும்மா இருக்கும்போதே 120 வாட் குடிக்குது. ஒரு நாளைக்கு 2.88 யூனிட், 90 நாளைக்கு 259. யூனிட் 30 சென்ட்னு வெச்சா 78 டாலர். பொட்டி விலையில பாதி! மடிக்கணினி சும்மா இருந்தா 15 வாட், அதே 90 நாளைக்குப் பத்து டாலர் கூட வராது.

இதுல தமாஷ் என்னன்னா, முழு வேலை பார்க்கும்போது நிலைமை தலைகீழ். ஜியான் பொட்டி 320 வாட் இழுத்தது. 23 மணி நேரத்துக்கு ஏழரை யூனிட்டுக்குள்ள. மடிக்கணினி 45 வாட்தான், ஆனா 200 மணி நேரம் ஓடணும், அது 9 யூனிட். அதாவது அந்த 400 ஓட்டத்துக்கு முப்பது கிலோ யானைதான் சிக்கனம். யானையைச் சும்மா கட்டி வெச்சுத் தீனி போட்டதுதான் என் தப்பு.

இந்த ஊர்ல ஸ்பாட்ஸ்வுட் சயின்ஸ்ஒர்க்ஸ் அருங்காட்சியகத்துல சிஸைராக்னு ஒரு கணினி நிக்குது. ஆஸ்திரேலியாவோட முதல் கணினி. 1949-இல் சிட்னியில முதல் புரோகிராம் ஓடினது, 1955-இல் மெல்பர்ன் வந்தது, 1964-இல் அணைச்சாங்க. சுமார் 2,000 வால்வு, 30 கிலோவாட். மணிக்கு 30 யூனிட்! நல்லவேளை, அண்ணன் அந்த வீட்டுல குடியிருக்கலை.

வாங்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. சாண்டி பிரிட்ஜ்ல ஏவிஎக்ஸ் இருக்கு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. அது 2013-இல் ஹாஸ்வெல்லோடதான் வந்தது. 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இதுல ஏறாது. அதனால இ5-2600 வரிசையில மூணாம் பதிப்பு கிடைச்சா அதைப் பாருங்க, பெயர் கடைசியில வி3-ன்னு இருக்கும்.

78 டாலரை நானே கொடுத்துட்டேன். பொட்டி இப்ப வேலை இருந்தா மட்டும் ஓடுது, ஓட்டம் முடிஞ்சதும் தானா அணையற மாதிரி ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன். போன ஜூலையில ராத்திரி நாலு டிகிரி குளிர், நான் ஒரு பெரிய ஓட்டம் தட்டிவிட்டிருந்தேன். அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கிட்டு வந்து என் ரூம் வாசல்ல உட்கார்ந்தார்.

"இன்னும் எத்தனை பந்தி இருக்குடா?"