வெளிநாட்டுக் கம்பெனியிடம் ஆலோசனைக் கட்டணப் பாக்கி

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பியவருக்குப் பணம் வராவிட்டால், கப்பல் ரசீதைப் பாங்கி மூலம் நிறுத்தி வைக்கவாவது வழி உண்டு. யோசனை சொன்னவருக்கு அதுவும் இல்லை. மிளகாய், மஞ்சள் ரகம் பார்த்துத் தரமும் விலை நிலவரமும் எழுதிக் கொடுப்பவர் அறிக்கையை அனுப்பிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. "அறிக்கை திருப்தியாக இல்லை" என்று ஒரு வரி பதில் வரும், கட்டணம் வராது. முன்பணம் பாதியாவது வாங்காமல் இவ்வேலையில் இறங்குவது நமக்குச் சரியாகப் படவில்லை.

பாக்கிக்கு நம் ஊர் கோர்ட்டில் டிக்ரி வாங்கலாம். ஆனால் அந்தக் கம்பெனிக்கு இந்தியாவில் சொத்து இல்லையென்றால், டிக்ரியை அந்த நாட்டில்தான் நிறைவேற்ற வேண்டும். அமெரிக்காவுடன் இதற்கான ஒப்பந்தம் நமக்கு இல்லை. டிக்ரியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே மறுபடியும் வழக்குத் தொடர வேண்டும்.

மத்தியஸ்தர் தீர்ப்பு அப்படியல்ல. 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் அமெரிக்கா உட்பட 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துள்ளன. அதில் சொல்லப்பட்ட சில காரணங்கள் இருந்தாலன்றி, ஒரு நாட்டில் அளித்த மத்தியஸ்தத் தீர்ப்பை மற்ற நாட்டுக் கோர்ட்டுகள் தள்ள முடியாது. ஆகவே தகராறு வந்தால் மத்தியஸ்தம், எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டப்படி என்ற ஷரத்தை வேலை ஒப்புக்கொள்ளும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தகராறு முற்றிய பிறகு கேட்டால் எந்தக் கம்பெனி கொடுக்கும்?

கையெழுத்திட்ட பத்திரம்தான் வேண்டுமா என்று கேட்கலாம். 1996-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம், தந்தி, டெலெக்ஸ், கடிதப் போக்குவரத்தையும் எழுத்து ஒப்பந்தமாக ஏற்கிறது; மின்னஞ்சலுக்கும் 2015 திருத்தம் இடம் தந்தது. அதற்கு முன்பே ஒரு வழக்கு வந்தது. துபாயின் டிரைமெக்ஸ் கம்பெனி பாக்சைட் தாது விற்க 2007 அக்டோபரில் வேதாந்தாவுக்கு மின்னஞ்சலில் விலை சொன்னது. மறுநாள் மின்னஞ்சலிலேயே சம்மதம் வந்தது. முறையான பத்திரத்தில் கையெழுத்தாகவில்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று வேதாந்தா வாதாடியது. 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி. சதாசிவம் அதை ஏற்காமல், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று கூறி மத்தியஸ்தரை நியமித்தார். கேட்டது வெளிநாட்டுக் கம்பெனி என்றாலும், நம் சட்டப்படி நடக்கும் தகராறில் அந்த நியாயம் நமக்கும் உண்டு.

கெடுவையும் மறக்கக்கூடாது. நம் காலவரையறைச் சட்டப்படி, கட்டணத்துக்குத் தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. மத்தியஸ்தத்துக்கும் இதே சட்டம்தான். அதற்குள் கம்பெனி பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துடன் எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஆரம்பிக்கும். தொலைபேசியில் "அடுத்த மாதம் அனுப்புகிறோம்" என்று சொல்வது இந்தக் கணக்கில் சேராது.